பார்த்துக்கொள்வோம்

வியாபாரிகளாகிய நம் நாவில் அன்றாடம் புழங்கும் சொற்களில் 'பார்த்துக்கொள்வோம்' என்பதைப் போன்ற விசித்திரமான சொல் வேறொன்றில்லை. "கவலையை விடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றால் பாரம் முழுவதையும் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். "அதை அப்போது பார்த்துக்கொள்வோம்" என்றால் இப்போது எதையும் ஏற்கவில்லை என்று பொருள். முன்னால் நிற்கும் ஒரு வார்த்தையில் எல்லாம் மாறிவிடுகிறது. அந்த முன் வார்த்தையையும் விழுங்கிவிட்டுச் சொன்னால், சொன்னவர் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். கேட்டவர் மற்றொன்றை நினைத்துக்கொள்ளலாம். இருவரும் தேநீர் குடித்துவிட்டுச் சிரித்த முகத்துடன் பிரியலாம். வினை வருகிற நாளில்தான் யார் எதை நினைத்தார் என்பது வெளியாகும்.

இந்த ஒரு சொல்லின் மேல் இன்று ஒரு தீவு முழுவதும் குடியிருக்கிறது. தைவானைச் சொல்கிறோம். பழைய பத்திரிகைகளில் பார்மோசா என்று படித்தவர்கள் நம் பெரியவர்களில் இன்னும் சிலர் இருக்கலாம். இரண்டு கோடியே முப்பது லட்சம் ஜனங்கள் அங்கே வாழ்கிறார்கள். சட்டசபை, நாணயம், பட்டாளம், பாஸ்போர்ட்டு எல்லாம் அவர்களுக்கென்று தனியாக உண்டு. 1996 முதல் தங்கள் ஜனாதிபதியைத் தாங்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயினும் அதை ஒரு தேசமாக ஏற்றிருக்கும் நாடுகள் மிகச் சிலவே. தீவு தன்னுடையது, அவசியமானால் பலத்தைக் கொண்டும் சேர்த்துக்கொள்வோம் என்பது சீன சர்க்காரின் நிலை. 2005இல் அதைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். மறுபுறம் அமெரிக்கக் கப்பற்படை நிற்கிறது. 1950 ஜூனில் ஜனாதிபதி ட்ரூமன் ஏழாவது கப்பற்படையை அந்த ஜலசந்திக்கு அனுப்பியது முதல் இந்தக் கதை நடந்து வருகிறது. மிகக் குறுகிய இடத்தில் நடுவே இருக்கும் கடல் சுமார் 130 கிலோமீட்டர்.

தீவு யாருக்குப் பாத்தியம் என்ற வழக்கை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. அதற்கான சரித்திரமும் நியாயமும் பெரிய புத்தகங்களில் இருக்கின்றன. நாம் கேட்க விரும்புவது ஒரு கடைக்காரன் கேட்கக்கூடிய கேள்வி. வலியவன் ஒருவன் தன்னை நம்பியிருக்கும் எளியவனிடம், வேண்டுமென்றே தெளிவில்லாத வாக்கைச் சொல்லி வைப்பது முறைதானா?

"பெய்ஜிங்குக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே உள்ள விவகாரம் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கிள்ளான் துறைமுகத்தில் பெட்டி இறங்க ஒரு வாரம் தாமதித்தால் நம் அலமாரி காலியாவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். நம்மில் பலருக்குக் குவாங்சோவிலும் யிவூவிலும் கொள்முதல். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்குத் தைவான் திருகாணியின் தரம் தெரியும். கல்லாப் பெட்டி இயந்திரத்துக்குள் இருக்கும் சில்லுக்கும் அந்தத் தீவே ஆதாரமாக இருக்கலாம். ஆனால் சரக்கு மட்டும்தான் காரணம் என்றால் இதை எழுதவே வேண்டியதில்லை. பெரியவர்களின் அரைச் சொல்லை நம்பி நிற்கும் நிலை இந்த நாட்டுக்கும் வந்ததுண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

அமெரிக்கா ஒரு காலத்தில் தெளிவாகவே பேசியது. 1954 டிசம்பரில் தைப்பேயுடன் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டது. 1958 ஆகஸ்டு 23இல், சீனக் கரையை ஒட்டியிருக்கும் கின்மென் தீவின் மேல் பீரங்கிக் குண்டுகள் மழையாகப் பொழிந்தபோது அமெரிக்கக் கப்பல்கள் துணைக்கு வந்தன. (பிற்காலத்தில் அந்தக் குண்டுகளின் இரும்பை உருக்கிக் கின்மென் கொல்லர்கள் சமையல் கத்தி செய்து விற்றார்கள். எதிர்க்கரையிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்களும் அதை வாங்கிப் போனார்கள். வியாபாரியின் கெட்டிக்காரத்தனம் எங்கும் ஒன்றுதான்.)

பிறகு காற்று மாறியது. 1979 ஜனவரி முதல் தேதி அமெரிக்கா பெய்ஜிங்கை ஏற்றுக்கொண்டது. தைப்பேயுடன் செய்த உடன்படிக்கைக்கு ஷரத்தில் கண்டபடி ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொண்டது. அந்த ஆண்டுக் கூட்டறிக்கையில் ஒரு வினோதம் உண்டு. சீனா ஒன்றே, தைவான் அதன் பகுதி என்னும் சீனத்தாரின் நிலையை அமெரிக்கா என்ன செய்கிறது என்பதற்கு ஆங்கிலப் பிரதியில் போட்ட சொல், 'நீங்கள் சொல்வதை அறிந்துகொண்டோம்' என்ற அளவில் நிற்கிறது. சீனப் பிரதியில் போட்ட சொல்லை 'ஒப்புக்கொள்கிறோம்' என்றே வாசிக்கலாம். நம் கடைப் பாஷையில் சொன்னால், பில் வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போடுவது ஒன்று. பாக்கி சரிதான் என்று கையெழுத்துப் போடுவது வேறு. ஒரே காகிதத்தில் ஒருவர் முன்னதைப் படிக்க, மற்றவர் பின்னதைப் படித்தார். இது கவனக் குறைவால் நேர்ந்ததல்ல. நெருக்கடி தீர வேண்டும் என்பதற்காக இரு தரப்பும் விட்டுவைத்த இடைவெளி அது. 1974 மே 31இல் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங்கில் கையெழுத்திட்ட மலேசியக் கூட்டறிக்கையிலும் தைவானைப் பற்றிய வாசகம் ஆங்கிலத்தில் 'அறிந்துகொண்டோம்' என்ற வகைதான். தைப்பேயிலிருந்த நம் துணைத் தூதரகத்தை மூடினோம். வியாபாரத்துக்கென்று வேறு பெயரில் ஓர் அலுவலகம் பிறகு வந்தது.

1979 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸ் தைவானுக்கென ஒரு சட்டம் செய்தது. தற்காப்புக்கு ஆயுதம் தருவோம் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. யாராவது பலாத்காரமாகத் தீவின் நிலையை மாற்ற முயன்றால் அதை மிகுந்த கவலைக்குரிய விஷயமாகக் கருதுவோம் என்றும் இருக்கிறது. கப்பலும் சிப்பாயும் வருவார்களா? அது மட்டும் இல்லை. ஜனாதிபதியும் காங்கிரசும் சேர்ந்து அப்போது தீர்மானிப்பார்கள். அதாவது, பார்த்துக்கொள்வோம். 1996இல் சீனா தீவின் பக்கம் ஏவுகணைகளை விட்டபோது இரண்டு விமானந்தாங்கிக் கப்பல் அணிகள் வந்தன. 2022 ஆகஸ்டில் அமெரிக்கச் சபாநாயகர் தைப்பே சென்று திரும்பியதும் சீனக் கப்பல்கள் தீவைச் சுற்றி நின்று பயிற்சி செய்தன. அதற்குப் பின்னும் பல முறை செய்தன. 2021, 2022ஆம் ஆண்டுகளில் ஜனாதிபதி பைடன் "ஆம், காப்போம்" என்று வாய்விட்டே சொன்னார். ஒவ்வொரு முறையும் அவருடைய மாளிகையிலிருந்தே, கொள்கையில் மாற்றமில்லை என்று விளக்கம் வந்தது. எஜமானர் சொன்னதைக் கணக்குப்பிள்ளை வந்து திருத்தும் கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இதை உடனே வஞ்சகம் என்று தள்ளிவிடலாமா? நம்மால் முடியவில்லை. ஜமாஅத்தில் பாகப்பிரிவினை வழக்குக்கு மத்தியஸ்தம் செய்தவர்களுக்கு இது புரியும். அண்ணன் தம்பி இருவரும் கதவுக்கு வெளியே கையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பெரியவர் தம்பியைப் பார்த்து, "உன் பக்கம் நான் இருக்கிறேன்" என்று பச்சையாகச் சொன்னால் அவன் அப்போதே துள்ளுவான். "உன் பக்கம் நான் இல்லை" என்று சொன்னால் அண்ணன் அன்றிரவே சுவரை இடிப்பான். ஆகவே பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு, "பார்ப்போம், பார்ப்போம்" என்கிறார். இருவரும் அடங்கியிருக்கிறார்கள். இரு சாராரிடையே சமாதானம் செய்யச் சொல்லும் மென்மையான சொல்லை மார்க்கம் அறிந்தவர்கள் பொய்யோடு சேர்ப்பதில்லை. அமெரிக்கா வாயைப் பாதி மூடிக்கொண்டிருப்பதற்கு அவர்கள் சொல்லும் நியாயமும் இதுதான்: உறுதி கொடுத்தால் தைப்பே தனி நாடு என்று அறிவித்துவிடும், கையை விரித்தால் பெய்ஜிங் கப்பலேறிவிடும். 1979 முதல் அந்த ஜலசந்தியில் பெரும் யுத்தம் மூளவில்லை என்பதும் மெய்.

அப்படியானால் அரைச் சொல் எப்போது ஆகும், எப்போது ஆகாது? இதற்கு அளவுகோல் வேண்டி நாம் வெகுநாள் யோசித்ததுண்டு. கடைசியில் அது நம் நாட்டுச் சரித்திரத்திலேயே அகப்பட்டது.

நம் பாட்டன்மார் பலர் நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். அந்தப் பினாங்கு கைமாறிய கதையைப் பள்ளிப் பாடத்தில் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். தீவு கெடா சுல்தானுக்குச் சொந்தமாக இருந்தது. வடக்கே சயாம் என்ற வல்லரசு, அப்பால் பர்மா. சுல்தான் அப்துல்லா, ஆங்கிலக் கம்பெனிக்குத் தீவைக் கொடுக்கச் சம்மதித்தார். ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி கேட்டார். அதைக் காட்டிலும் முக்கியமாக, எதிரி வந்தால் கம்பெனி துணைக்கு வர வேண்டும் என்று கேட்டார். நடுவில் நின்றவர் பிரான்சிஸ் லைட் என்ற வியாபாரி. கல்கத்தாவிலிருந்த கம்பெனி மேலிடம் அந்த ஷரத்தை ஏற்கவில்லை, பட்டென்று மறுக்கவுமில்லை, சீமைக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றது. அந்தப் பதில் வருமுன்பே, 1786 ஆகஸ்டு 11இல் லைட் தீவில் கொடியேற்றிவிட்டார். சுல்தானோ, துணை உண்டு என்ற எண்ணத்திலேயே இருந்தார். துணை இல்லை என்பது பின்னால் தெரிந்தது. 1791இல் சுல்தான் தீவை மீட்கப் பிறையில் படை சேர்த்தார். லைட் அதை அடித்துக் கலைத்தார். அவ்வாண்டு எழுதிய ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 6,000 வெள்ளி உண்டு. பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை.

வினை வரும் நாளும் வந்தது. 1821இல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. அப்போதிருந்த சுல்தான் அகமது தாஜுத்தீன் தப்பியோடிப் பினாங்கில், தம் முன்னோர் கொடுத்த அதே தீவில், அகதியாக இறங்கினார். கம்பெனி இடம் கொடுத்தது, சண்டைக்கு வரவில்லை. 1826இல் சயாமோடு ஒப்பந்தம் செய்துகொண்டபோது, கெடாவில் சயாம் இருக்கலாம் என்றும், சுல்தான் பினாங்கில் வசிக்கக் கூடாது என்றும் ஒத்துக்கொண்டது. அவர் திரும்பித் தம் சிம்மாசனத்தில் அமர 1842 ஆயிற்று.

லைட் செய்ததையும் ஜமாஅத்துப் பெரியவர் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் தெளிவாகப் பேசவில்லை. ஆனால் பெரியவர் தம்பியிடமிருந்து ஒரு காசும் வாங்கவில்லை. லைட் முதலில் தீவை வாங்கிக்கொண்டார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். இனாமாகச் சொல்லும் சொல் மங்கலாக இருந்தால் கேட்டவன் எச்சரிக்கையாக இருந்துகொள்ளலாம். விலை வாங்கிக்கொண்ட சொல் மங்கலாக இருக்கக் கூடாது. மதரஸாவில் கிதாபு ஓதியவர்களுக்கு 'கரர்' என்ற சொல் நினைவிருக்கும். வானத்தில் பறக்கும் பறவையையும் தண்ணீருக்குள் நீந்தும் மீனையும் பிடிக்கும் முன் விற்காதே என்று உஸ்தாது சொல்லிக் கொடுத்தது இதைத்தான். பறவையைக் காட்டி, "அழகாகப் பறக்கிறது பார்" என்று சொல்வதில் தப்பில்லை. அதற்குக் காசு வாங்கினால்தான் தப்பு.

2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது கிள்ளான் பக்கத்தில் இப்படி ஒன்று நடந்தது. பெருநாளுக்கென்று ஒரு சிறு ஜவுளிக் கடைக்காரரிடம் மொத்த வியாபாரி ஒருவர் வழக்கத்தைவிட இரட்டிப்பாகச் சரக்கைத் தள்ளினார். "விற்காமல் போனால்?" என்று கேட்டதற்கு, "பார்த்துக்கொள்வோம், பாய்" என்றார். பாதித் தொகையை முன்பணமாகவும் வாங்கிக்கொண்டார். பிறகு கடைகள் அடைத்தன. பெருநாள் வீட்டுக்குள் முடிந்தது. சட்டைத் துணியெல்லாம் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது. "திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று நான் சொன்னேனா?" என்று கேட்டார் மொத்த வியாபாரி. சொல்லவில்லைதான். சட்டப்படி அவர் பேரில் குற்றம் காண முடியாது. ஆனாலும் அந்தத் தெருவில் அவரைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இந்தச் சந்தர்ப்பத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுக்க மனமில்லாத இடத்தில் 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லி அனுப்பும் பழக்கம் நம் கடைவீதியில் மலிந்து கிடக்கிறது. மேலான ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொள்வோம் என்பதன் அரபுப் பெயர்ப்பாக ஆக்கிவிட்டோம்.

இந்த அளவுகோலைக் கொண்டு தைவானுக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் அரைச் சொல், லைட்டுடைய அரைச் சொல்லைப் போல் மறைத்து வைத்ததல்ல. அதற்கு ஒரு பெயரே வைத்து அவர்கள் பகிரங்கமாகப் பேசுகிறார்கள். தைவானியரும் அதை அறிவார்கள். 2024 முதல் கட்டாய ராணுவப் பயிற்சியை நான்கு மாதத்திலிருந்து ஓர் ஆண்டாக நீட்டியிருப்பதே அவர்கள் அந்தச் சொல்லை முழுவதும் நம்பிப் படுத்திருக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஆயுதத்துக்குக் காசு கொடுத்தார்கள் என்றால், ஆயுதம் வேறு சரக்கு. 2019இல் பேசிய போர் விமானங்கள் தாமதமானது வெறும் டெலிவரித் தகராறு. இந்த மட்டும் நம்மால் அமெரிக்காவைக் குறை கூற முடியவில்லை.

ஆனால் 2024 ஜூலையில், மீண்டும் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த டிரம்ப் ஒரு பேட்டியில் சொன்னது வேறு மாதிரி. தைவான் தன் பாதுகாப்புக்கு நமக்குப் பணம் தர வேண்டும், நாம் இன்சூரன்ஸ் கம்பெனியைப் போலத்தானே என்ற கருத்தில் பேசினார். அவர் பிறகு ஜனாதிபதியும் ஆனார். கடைக்காரனாகிய நமக்கு இதைக் கேட்டதும் எழுகிற கேள்வி ஒன்றுதான். இன்சூரன்ஸ் என்றால் பத்திரம் எங்கே? நம் கடைக்குத் தீ இன்சூரன்ஸ் கட்டுகிறோம். எந்த விபத்துக்கு உண்டு, எதற்கு இல்லை, எவ்வளவு, எத்தனை நாளுக்குள் என்று அச்சடித்துக் கையில் தருகிறார்கள். பிரீமியம் வாங்கிக்கொண்டு, தீப்பிடித்த பிறகு நானும் என் கூட்டாளியும் உட்கார்ந்து யோசிப்போம் என்று எந்தக் கம்பெனியும் சொல்வதில்லை. இனாம் சொல்லாக இருந்த வரை மங்கல் பொறுக்கத்தக்கது. விலை கேட்ட அந்த நிமிஷமே அது லைட்டின் சொல்லாகிவிடுகிறது.

மறு தரப்பையும் விட்டுவிடுவது நியாயமாகாது. சீனா தைவானுக்குச் சொல்லும் வாக்கு மங்கலானதல்ல. 'ஒரே நாடு, இரு முறை' என்பது அதன் பெயர். 1984இல் ஹாங்காங் விஷயமாக பிரிட்டனுடன் கையெழுத்திட்டபோது 1997 முதல் 50 ஆண்டு என்று காலக்கெடுவும் எழுதினார்கள். ஆனால் 2020இல் பெய்ஜிங் ஹாங்காங்குக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, வாக்கு மீறப்பட்டதென்று பிரிட்டன் சொன்னது. அது உள்நாட்டு விவகாரம் என்று பெய்ஜிங் சொன்னது. சொல் தெளிவாக இருந்தாலும், அதை அளக்கிற தராசு கொடுத்தவன் கையிலேயே இருந்தால் வாங்கியவனுக்கு என்ன பலன்? தைவானியர் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் கொள்முதல் சீனாவில் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

இனி நம் நாட்டு விஷயம். 1957இல் மலாயாவும் பிரிட்டனும் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தில் பிரிட்டன் உதவும் என்று நேராகவே இருந்தது. அதற்கு விலையும் கொடுத்தோம். அவர்கள் பட்டாளம் இங்கே தங்க இடம் கொடுத்தோம். 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மோதலில் இறங்கியபோது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்கள் போர்னியோக் காடுகளில் நின்று அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். 1968இல் பிரிட்டன், 1971க்குள் படையை எடுத்துக்கொள்வோம் என்று அறிவித்தது. 1971 நவம்பரில் பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் ஐந்து நாட்டு ஏற்பாடு வந்தது. பட்டர்வொர்த்தில் அதற்குத் தலைமையகம் இருக்கிறது. ஆண்டுதோறும் பயிற்சிகள் நடக்கின்றன. மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது? உடனே கலந்து பேச வேண்டும். அவ்வளவுதான். அதே நவம்பரில் கோலாலம்பூரில் ஐந்து தென்கிழக்காசிய நாடுகள் கூடி, இந்தப் பிரதேசம் எந்த வல்லரசின் பக்கமும் சாராமல் இருக்க வேண்டுமென்று பிரகடனம் செய்தன. கலந்து பேசுவோம் என்ற சொல்லின் எடை எவ்வளவு என்பதை அன்றைய பெரியவர்கள் நிறுத்துப் பார்த்திருந்தார்கள் போலும்.

அந்தக் கலந்து பேசுவோமுக்கு நாம் துறைமுகத்தையோ தீவையோ கொடுத்துவிடவில்லை. ஆகவே அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் இப்போது சீனாவும் அமெரிக்காவும் மாறி மாறி நம் வாசலுக்கு வந்து, சந்தையைக் கொடு, துறைமுகத்தில் பங்கு கொடு, மண்ணுக்குள் இருக்கும் அரிய கனிமங்களைக் கொடு என்று கேட்கும் காலம். கொடுப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. கொடுத்து வாங்குவதுதானே நம் தொழில். நம் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் அடுத்த தடவை சங்கக் கட்டடத்துக்கு வரும்போது, பிரியாணிக்கு முன்பாகவே அவரிடம் இதைக் கேட்க வேண்டும்: இன்ன சரக்கைக் கொடுத்தோமே, அதற்கு ஈடாக வந்த சொல் எது, அது எந்தக் காகிதத்தில், எந்த ஷரத்தில் இருக்கிறது?